போடச் சொன்ன ஊசியும் வேண்டாமென்ற ஊசியும்

நம் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். எலியின் மூளையை எப்படிச் சீவுவது, ஒளிரும் சாயத்தை எப்போது சேர்ப்பது என்பதையெல்லாம் உங்கள் சீனியர்கள் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்கள். ஓய்வுபெற்று ஊருக்கு வந்தபின் என் கை பைப்பெட்டைத் தொடவில்லை. ஆனால் ஆய்வகத்தில் இருந்த காலம் முழுவதும் எனக்கு வராத ஒரு சோதனை, எல்லாம் முடிந்து வேங்கிக்காலில் வீடு எடுத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்த பிறகு வந்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன். உங்களுக்கும் அது ஒருநாள் வரும். கேள்வி கேட்பவர் வெளிநாட்டுப் பேராசிரியராக இருக்கமாட்டார். உங்கள் வீட்டு ஆளாக இருப்பார்.

முதலில் ஆய்வகத்துக் கதை ஒன்று. அது தெரியாமல் பின்னால் வருவது புரியாது.

வளர்ந்த மூளையில் ஓரிரு மூலைகளில் ஸ்டெம் செல்கள் தூங்கிக்கொண்டிருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். அவற்றைத் தூங்க வைப்பது அக்கம்பக்கத்துச் செல்கள்தான். சில செய்திகள் கரைந்து மிதந்து வருகின்றன. சில செய்திகள் தொட்டால்தான் போய்ச் சேரும். பக்கத்தில் படுத்திருக்கும் தாயின் கை மேலே கிடக்கும்வரை குழந்தை புரளாமல் தூங்குமே, அப்படி. அந்தக் கையை எடுத்துவிட்டால் செல் விழிக்கும், இரண்டாகப் பிரியும், புது நரம்புச் செல்களை உண்டாக்கும். எங்கள் ஆய்வகத்தில் அந்தக் கையை எடுத்துப் பார்ப்பதுதான் வேலையாக இருந்தது.

என்னிடம் ஒரு மாணவி இருந்தாள். நெல்லூர்ப் பக்கத்துப் பெண். அந்தத் தொடுகைச் செய்தியைத் தடுக்கும் ஒரு மருந்தை எலிகளுக்குக் கொடுத்தாள். சில வாரங்களில் நுண்ணோக்கியில் பார்த்தால், எங்கே ஒன்றிரண்டு பச்சைப் புள்ளிகள் இருக்குமோ அங்கே திருவிழா மாதிரி வெளிச்சம். புது நரம்புச் செல்கள். ஆய்வகமே கேக் வெட்டியது. அதை ஆய்வுக் கட்டுரையாக அன்றே எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பிவிட வேண்டும் என்று அவளுக்குத் துடிப்பு. அதே பாதையில் வெளிநாட்டிலும் வேலை செய்கிறார்கள் என்ற செய்தி எங்கள் காதுக்கு வந்திருந்தது.

நான் பாதி எலிகளை அப்படியே கிழமாகும்வரை விட்டுவைக்கச் சொன்னேன்.

"மேடம், அதுக்குள்ள வேற யாராவது முந்திக்குவாங்க," என்றாள். கண் கலங்கிவிட்டது. "ரிசல்ட் கண்ணு முன்னாடி இருக்கு. இன்னும் எதுக்கு வெயிட் பண்ணணும்?"

எனக்கும் காரணம் தெளிவாகத் தெரியாது. எழுந்தவை என்ன செய்கின்றன என்று பார்த்துவிட்டோம், எழுந்தபின் என்ன ஆகின்றன என்று பார்க்கவில்லை. அவ்வளவுதான் என்னிடம் இருந்த காரணம். அவள் என்மேல் கோபத்தோடு காத்திருந்தாள். எலிகள் கிழமாயின. மறுபடி பார்த்தபோது அந்த மூலை காலி. வெளிச்சமும் இல்லை, தூங்கிக்கொண்டிருந்த செல்களும் இல்லை. எல்லாம் ஒரேயடியாக எழுந்து, பிரிந்து, தீர்ந்துபோயிருந்தன. மருந்தே தொடாத கிழட்டு எலிகளிடம் கொஞ்சமாவது மிச்சம் இருந்தது. எங்கள் எலிகளிடம் ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. கையை எடுப்பது சுலபம். கொஞ்ச நேரம் எடுத்து, மறுபடி வைத்து, எழுந்ததில் சிலவற்றையாவது திரும்பத் தூங்கப் போகச் செய்வதுதான் கஷ்டம். நான் ஓய்வுபெறும்வரை அந்தக் கஷ்டத்தோடுதான் இருந்தேன். நீங்கள் இப்போது உட்கார்ந்திருப்பதும் அதே பெஞ்சில்தான்.

இனி என் தம்பி.

தம்பி ஏழுமலை செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் ஒரு சந்தில், சின்னதாக ஒரு தங்கும் விடுதி நடத்துகிறான். எங்கள் குடும்பம் ஊரை அடுத்த கிராமத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டு வாழ்ந்த குடும்பம். நான் படிப்பு என்று பெங்களூர் போனேன். அவன் படிப்பு வேண்டாமென்று டவுனுக்கு வந்தான். வந்தவன் உலகத்தையே படித்துவிட்டான். எந்த நாட்டுக்காரர் வந்தாலும் அவர் பாஷையில் நாலு வார்த்தை பேசுவான். இலக்கணம் கிடையாது, கூச்சமும் கிடையாது. ஒரு ஜெர்மன்காரியிடம் தண்ணீர் மோட்டார் கெட்டுவிட்டதை ஜெர்மன் மொழியிலேயே விளக்கிக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அவன் மனைவி வளர்மதிதான் விடுதியின் உண்மையான முதலாளி. அறைகள், துணி வெளுப்பு, சமையல், ஆட்கள் எல்லாம் அவள் கையில். அவன் வாய், அவள் கை என்று அந்த வீடு நடந்தது.

பௌர்ணமி அன்று சாயங்காலம். கிரிவலக் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். நான் வேங்கிக்காலில் வீட்டில் காபி போட்டுக்கொண்டிருந்தேன். வளர்மதி போன் செய்தாள். குரலில் அழுகை இல்லை. அதுவே என்னைப் பயமுறுத்தியது.

"அண்ணி, அவருக்கு வாய் ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. வலது கை தொங்குது. பேச்சு வரல. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டேன்."

"எப்படி வந்தே? ரோடெல்லாம் அடைச்சிருக்காங்களே?"

"ஆட்டோவ பின்பக்கமா வயக்காட்டு வழியா வுடச் சொன்னேன். பக்கத்து வூட்ல சோடா குடு, படுக்க வைன்னாங்க. நான் கேக்கல."

பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அந்த ஒரு முடிவுதான் அடித்தளம். சோடாவுக்காக நின்றிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தேன். ஒரு ஆட்டோ கிடையாது. கூட்டம் நெருக்கித் தள்ளுகிறது. நடக்க ஆரம்பித்தேன். கலெக்டர் ஆபீசைத் தாண்டியதும் மறுபடி போன்.

"அண்ணி, ஸ்கேன் எடுத்துட்டாங்க. ரத்தம் கட்டியிருக்காம். அதக் கரைக்க ஒரு ஊசி இருக்குன்றாங்க. போட்டா சில பேருக்கு மூளையில ரத்தம் கசிஞ்சு உயிருக்கே ஆபத்தாயிடுமாம். கையெழுத்து கேக்குறாங்க. போடட்டுமா?"

பின்னால் டாக்டரின் குரல் கேட்டது. இளைஞர். "நேரம் போவுதும்மா, சீக்கிரம் சொல்லுங்க," என்றார்.

"போடச் சொல்லு," என்றேன்.

"நல்லா யோசிச்சு சொல்லுங்க அண்ணி."

"யோசிச்சாச்சு. போடச் சொல்லு வளர்மதி."

போன் வைத்துவிட்டாள். நான் நடுத்தெருவில் நின்றேன். என்னைச் சுற்றி ஜனங்கள் அரோகரா சொல்லிக்கொண்டு நடந்தார்கள். கால் நடுங்கியது. ஒரு பெரியம்மா, "மயக்கமா வருதாம்மா?" என்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இல்லை என்று தலையாட்டிவிட்டு நடந்தேன்.

ஊசி வேலை செய்தது. முழுவதும் அல்ல. ஏழுமலை பிழைத்தான். வாய்க்கோணல் பெரும்பாலும் சரியானது. வலது கால் கொஞ்சம் அசைந்தது, வலது கை அசையவில்லை. பேச்சு வரவில்லை. நாம் பேசுவது புரிந்தது. பதில் சொல்ல வாய் திறப்பான். ஒரே ஓசை, "த... த...", அதற்கு மேல் வராது. உலகத்துப் பாஷையெல்லாம் பேசிய வாய். கண்ணில் தண்ணீர் மட்டும் வரும்.

ஒரு வாரம் போயிருக்கும். மத்தியானம் பார்வையாளர் நேரத்தில் வளர்மதியின் தம்பி சேகர் வந்தான். நல்ல பையன். அக்காமீது உயிரையே வைத்திருப்பவன். செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். ஏதோ பெரிய ஊரில் ஒரு கிளினிக். பக்கவாதம் வந்தவர்களுக்கு முதுகில் ஸ்டெம் செல் ஊசி போடுகிறார்களாம். மூளையில் செத்துப்போன இடத்தில் புது நரம்பு வளருமாம்.

வளர்மதி என் பக்கம் திரும்பினாள். அந்த வாரத்தில் அவள் முகத்தில் வெளிச்சத்தை அப்போதுதான் பார்த்தேன்.

"அண்ணி, ஸ்டெம் செல்லுன்னு போட்டிருக்கான் பாருங்க. இது உங்க வேலதானே? நீங்க வாழ்க்க பூரா பண்ணது இதானே?"

போனை வாங்கிப் பார்த்தேன். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் பேசினார். நடுவில் ஒரு படம் வந்தது. கறுப்புப் பின்னணியில் பச்சையாக மின்னும் செல்கள், அம்பு முனை போல மடங்கிய ஒரு வளைவில் வரிசையாக. என்னால் அதைத் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்ல முடியும். எங்கள் ஆய்வகத்துப் படமா, வேறு யாருடையதா தெரியாது. ஆனால் என்ன பிராணி என்பதில் சந்தேகமே இல்லை.

"இது எலியோட மூளை, வளர்மதி," என்றேன்.

"எலிக்கு ஆவுதுன்னா மனுஷனுக்கும் ஆவும்லக்கா?" என்றான் சேகர்.

நான் அப்போது சொன்ன பதிலை உங்களுக்கு அப்படியே சொல்கிறேன், நீங்கள் அப்படிச் சொல்லாமல் இருப்பதற்காக. "மனிதர்களில் இதுக்குப் போதுமான ஆதாரம் இல்ல," என்றேன். சரியான வாக்கியம். ஆனால் அது கருத்தரங்கில் சொல்கிற வாக்கியம். ஆஸ்பத்திரிக் கட்டிலருகில் அதற்கு அர்த்தமே இல்லை.

வளர்மதி குரலை உயர்த்தவில்லை. "அன்னிக்கு போன்ல ஒரு செகண்டுகூட தயங்கல நீங்க. அந்த ஊசியிலயும் உயிருக்கு ஆபத்துன்னுதான் டாக்டர் சொன்னாரு. அப்ப போடச் சொன்னீங்க. இப்ப மட்டும் இன்னா இவ்ளோ யோசன?"

கையோடு அடுத்ததையும் கேட்டுவிட்டாள்.

"எலிங்களுக்கெல்லாம் எழுப்பி வுட்டீங்க. கூடப் பொறந்தவருக்கு எழுப்ப மாட்டீங்களா?"

ஏழுமலை கட்டிலில் படுத்தபடி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எல்லாம் புரிந்தது. "த... த..." என்றான். எதைச் சொல்ல வந்தான் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

வராந்தாவுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒரு மருந்தின் பெயர் ஞாபகத்துக்கு வந்தது. எலிகளின் மூளையில் திருவிழா நடத்திய அதே மருந்து. அது எங்கே கிடைக்கும், யாரைக் கேட்டால் வரும் என்பதும் எனக்குத் தெரியும். கிளினிக்காரனை விடுங்கள், உலகத்தில் அதைப் பற்றித் தெரிந்த கொஞ்சம் பேரில் ஒருத்தி நான். உள்ளே படுத்திருப்பது என் தம்பி. சின்ன வயதில் நான் பள்ளிக்கூடம் போகும்போது பஸ் நிறுத்தம்வரை என் பையைச் சுமந்துகொண்டு வந்தவன்.

ஒரு மருந்தை உங்களுக்கு வேண்டியவருக்குக் கொடுக்கத் தோன்றும்போது, அதைப் பற்றி உங்களுக்குத் தெரியாததையெல்லாம் ஒவ்வொன்றாக மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். நான் சொல்லிப் பார்த்தேன். அந்தத் தொடுகைச் செய்தி மூளையில் மட்டும் இல்லை. குடலிலும் தோலிலும் அதே செய்திதான் ஓடுகிறது. மூளையில் நிறுத்தினால் அங்கேயும் நிற்கும், குடல் புண்ணாகும். அப்புறம், இந்த வயது மனிதனின் மூளையில் எழுப்புவதற்கு எத்தனை செல்கள் மிச்சம் இருக்கின்றன என்பதில் நம் துறையிலேயே சண்டை. அடிபட்ட மூளையில் எழுகிற செல்லும் எப்போதும் நரம்பாக வளர்வதில்லை. அங்கே ரத்தத்திலிருந்து கசிகிற செய்திகள் அதைத் தழும்பாக மாற்றிவிடும். எழுப்பிவிட்டால் எப்படித் தூங்க வைப்பது? கிழட்டு எலிகளின் அந்தக் காலி மூலை கண்முன் வந்தது. பெஞ்சிலிருந்து எழுந்தபோது எனக்குத் தெளிவாகிவிட்டது. என் பதில் "முடியாது" இல்லை. என் பதில் "தெரியாது". அதை வளர்மதிக்குப் புரியும்படி சொல்ல வேண்டியது என் வேலை.

ஆனால் அடுத்த சில நாட்கள் அவள் என்னோடு பேசவில்லை. நான் போவேன். கட்டிலின் மறுபக்கம் உட்காருவேன். சாப்பாட்டு நேரத்தில் டிபன் கேரியரில் என் பங்கை எடுத்துத் தள்ளுவாள். கோபத்திலும் அவள் யாரையும் பட்டினி போடமாட்டாள். டிஸ்சார்ஜ் ஆனதும் நேரே கிளினிக்குக்குக் கூட்டிப்போக சேகர் கார் பேசிவிட்டான் என்று நர்ஸ் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

கிளம்புவதற்கு முதல்நாள் காலை. ஏழுமலை தூங்கிக்கொண்டிருந்தான். வளர்மதி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். நான் தொடங்கினேன்.

"நான் போகவேணாம்னு சொல்லல வளர்மதி. உன் புருஷன், நீ முடிவு பண்ணு. ஒரு கதை சொல்றேன், அத மட்டும் கேளு."

அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. நான் நெல்லூர்ப் பெண்ணின் எலிகளைப் பற்றிச் சொன்னேன். தூக்கம், தொட்டுக்கொண்டிருக்கும் கை, கேக் வெட்டியது, அந்தப் பெண் அழுதது, காத்திருந்தது, கடைசியில் காலியான மூலை. ஒரு இங்கிலீஷ் வார்த்தை இல்லாமல் என் வேலையை முதன்முதலாக அன்றுதான் முழுசாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே சில இடங்கள் புதிதாகப் புரிந்தன.

அவள் கை நின்றது.

"அப்ப எழுப்பறது கஷ்டமில்ல," என்றாள் மெதுவாக. "நிறுத்தறதுதான் கஷ்டம்."

"ஆமா."

"அன்னிக்குப் போட்ட ஊசி?"

"அதுவும் ஆபத்தான ஊசிதான். ஆனா அத ஏகப்பட்ட மனுஷங்களுக்குப் போட்டு, யாருக்கு நல்லதாச்சு, யாருக்குக் கெடுதலாச்சுன்னு உக்காந்து பாத்திருக்காங்க. நல்லதானது ஜாஸ்தி, கெட்டது கம்மின்னு தெரிஞ்சுதான் போடச் சொன்னேன். எனக்கு அப்ப தைரியம் ஒண்ணும் கிடையாது. நடுரோட்ல கால் நடுங்கிட்டு நின்னேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களா?"

"நான்தான்."

ஆரஞ்சுச் சுளையில் பாதியை என் கையில் வைத்தாள். பிறகு, "இவங்களுக்கு நிறுத்தத் தெரியுமா?" என்றாள்.

"அவங்களையே கேளு."

சேகரை அழைத்து நம்பர் போடச் சொன்னாள். ஸ்பீக்கரில் வைத்தாள். எடுத்தவர் ரொம்ப அன்பாகப் பேசினார்.

"சார், நீங்க போடற செல்லு உள்ள போயி இன்னா பண்ணும்?"

"புதுசா நரம்பு வளத்துடும்மா."

"முதுகுல போட்டா மூளைக்கு வழி?"

"அதுவே தேடிப் போயிடும்மா."

"போன எடத்துல நரம்பாத்தான் ஆவும்னு அதுக்கு யாரு சொல்லுவாங்க? எப்ப நிறுத்தணும்னு யாரு சொல்லுவாங்க?"

"அதெல்லாம் டாக்டர் நேர்ல விளக்குவாரும்மா. உங்களுக்கு ஒரே ஒரு ஸ்லாட்தான் வெச்சிருக்கோம். இன்னிக்கே கன்பார்ம் பண்ணிட்டீங்கன்னா..."

"இதுக்கு முன்னாடி போட்டுக்கிட்டவங்க யாருகூடனாச்சும் பேசணுமே."

"அது வெளிய சொல்ல முடியாதும்மா."

"சார்," என்றாள் வளர்மதி, "எங்க அண்ணி இதயேதான் வாழ்க்க பூரா படிச்சாங்க. கேட்டா பாதிக்கு மேல தெரியாதுன்னு சொல்றாங்க. நீங்க ஒண்ணத்துக்குக்கூட தெரியாதுன்னு சொல்லலியே. எனக்கு அதான் பயமா இருக்கு."

வைத்துவிட்டாள். சேகர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனான். காரை ரத்து செய்தான். என்னிடம் வெகுநாள் பேசவில்லை. அவனைக் குறை சொல்லமாட்டேன். அக்கா புருஷனுக்கு ஏதாவது செய்துவிட வேண்டும் என்று ஓடிய பையன் அவன்.

வளர்மதி அழ ஆரம்பித்தது அதன் பிறகுதான். அத்தனை நாள் அழுகையும் சேர்த்து அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"அப்ப நாம இன்னாதான் பண்றது அண்ணி?"

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக நமக்கு உரிமை இல்லை. ஒரு நம்பிக்கையை ஒருவரிடமிருந்து எடுத்தால், அடுத்த நாள் காலையில் அவர் என்ன செய்ய வேண்டும் என்பதிலும் நமக்குப் பங்கு உண்டு. நான் மூளையை ஆராய்ந்தவளே தவிர நோயாளியைப் பார்த்தவள் இல்லை. அதனால் வளர்மதியைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியில் கை கால் பயிற்சி தரும் பிசியோதெரபிப் பெண்ணிடம் போனேன். சின்னப் பெண். செத்த செல் திரும்பாது, ஆனால் அதைச் சுற்றி உயிரோடு இருப்பவை ஒன்றோடொன்று புதிதாகப் பேசிக்கொள்ளக் கற்கும், அதற்கு அந்தக் கையைத் திரும்பத் திரும்ப வேலை வாங்க வேண்டும் என்றாள்.

"வீட்ல என்ன வேலை செய்வார்?" என்று கேட்டாள்.

"வாய்ப் பேச்சுதான்," என்றாள் வளர்மதி. "அப்புறம், ரூம் பெட்ஷீட் மடிக்கறப்ப மறுமுனை புடிப்பாரு."

"அப்போ அதையே செய்யுங்க."

வீடு திரும்பியதும் அதையேதான் செய்தார்கள். தினமும் விடுதி மாடியில் காய்ந்த விரிப்புகளை எடுத்துவருவாள். ஒரு முனையை அவன் வலது கையில் திணித்து விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிடுவாள். மறுமுனையை அவள் பிடிப்பாள். நழுவும். எடுத்துத் திரும்ப வைப்பாள். நழுவும். நான் சாயங்காலங்களில் போய் உட்கார்ந்து பார்ப்பேன். முதலில் அவன் தோள் அசைந்தது. பிறகு முழங்கை. வெகுநாள் கழித்து ஒரு சாயங்காலம் அவள் இழுத்தபோது அந்த முனை நழுவவில்லை. அவள் இன்னும் கொஞ்சம் இழுத்தாள். அவன் விடவில்லை. விரிப்பு இருவருக்கும் நடுவில் விறைப்பாக நின்றது. இரண்டு பேரும் அதை மடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டேன். மலையைப் பார்ப்பது போல நின்றேன்.

பேச்சு அதற்கும் பிறகு. ஒருநாள் அவனுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு வாயைத் துடைத்தாள். அவன் அவளைப் பார்த்துத் தெளிவாக, "மெர்சி," என்றான்.

வளர்மதிக்குப் புரியவில்லை. "இன்னா சொன்னாரு?"

"பிரெஞ்சுல நன்றின்னு அர்த்தம்."

அவள் கையில் துண்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. "கல்யாணமாகி இத்தினி வருஷத்துல ஒரு நன்றி சொன்னதில்ல அண்ணி இந்த மனுஷன். இப்ப சொல்றாரு, அதுவும் எனக்குத் தெரியாத பாஷையில!"

ஏழுமலையும் சிரித்தான். வாய் இன்னும் கொஞ்சம் கோணல்தான். மறுபடி, "மெர்சி," என்றான். பிறகு நாள் முழுக்க அதே வார்த்தைதான். தண்ணீர் வேண்டுமா என்றால் மெர்சி, வேண்டாமா என்றாலும் மெர்சி. தாய்மொழி உள்ளே சிக்கிக் கிடக்க, ஓரமாகக் கற்ற பாஷை முன்னால் வருவது சிலருக்கு நடக்கும். ஏன் என்று உறுதியாகச் சொல்ல ஆள் இல்லை. தமிழ் அதன்பின் ஒவ்வொரு சொல்லாக வந்தது. "வளரு" என்பது முதலில் வந்தவற்றில் ஒன்று.

இப்போது அவன் காலை லேசாக இழுத்து நடக்கிறான். வாக்கியங்கள் மெதுவாக வருகின்றன, ஒரு சொல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இடைவெளி விட்டு. அவசரக்கார விருந்தினர்கள் வளர்மதியிடம் போய்விடுகிறார்கள். பொறுமை உள்ளவர்கள் அவனிடம் உட்கார்ந்து பேசுகிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு நல்ல அறையாகக் கொடுக்கச் சொல்கிறான்.

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். நீங்கள் எல்லோரும் சேர்ந்திருப்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். வளர்மதி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அண்ணி, அந்தத் தூங்குற செல்லு. இவருக்கு எழுந்திருக்குமா?"

"தெரியல வளர்மதி. உயிரோட இருக்கிற மனுஷன் மூளைக்குள்ள அத இன்னும் சரியா பாக்க முடியல. கொஞ்சம் எழுந்திருக்கலாம். ஒண்ணுமே எழாமலும் இருக்கலாம்."

அவள் தலையாட்டினாள். இந்தப் பதில் அவளுக்கு இப்போது பழகிவிட்டது.

"நீங்கதான் வுட்டுட்டு வந்துட்டீங்களே. இனிமே யாரு அத பாக்குறது?"

"அதான் சொன்னேனே, புதுசா பசங்க வந்திருக்காங்க. அவங்களுக்கு என்னை எழுதச் சொல்லியிருக்காங்க."

"அப்ப நான் சொன்னேன்னு எழுதுங்க. அந்த நெல்லூர்ப் பொண்ணு மாதிரி அழுதாலும் பரவால்ல, அவசரப்படாம கண்டுபிடிக்கச் சொல்லுங்க."

எழுதுகிறேன் என்றேன். வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஏழுமலை வலது கையைத் தூக்கினான். முழுசாகத் தூக்க முடியாது. தோள்வரை வரும். ஏதோ சொல்ல வேண்டும் என்று அர்த்தம். நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். அவன் வார்த்தைகளைத் தேடி எடுத்து ஒவ்வொன்றாக வைத்தான்.

"ஆனா... ரொம்ப... லேட்டும்... பண்ணவேணாம்னு... சொல்லு."